ஏழாம் தடம்

கோத்தகிரியில் அன்று மாலை
மூடுபனி மண்டபத்துக்குள் வந்து
பின்வரிசையில் நின்றுகொண்டது.
அதனிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

எட்டு நாளாய்
பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு லாட்ஜ் அறையில்
ஹெட்போனைக் கழற்றாமல்
அந்த மாலையிலேயே இருக்கிறேன்.
முதல் தடத்தில் கிக் டிரம்.
ஆறில் அவர் குரல்.
ஏழில் அவர் கிட்டார்,
பெட்டியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி
நான் வைத்த மைக்.
பதினொன்றிலும் பன்னிரண்டிலும் கூட்டம்:
இருமல், இழுபடும் நாற்காலி,
தூங்கி விழித்த ஒரு குழந்தை.

டெஸ்மண்ட் லோபோவுக்கு எழுபத்து மூன்று.
வெலிங்டன் ராணுவ பேண்டில்
டிரம்பெட் ஊதியவரின் மகன்.
இடது மோதிரவிரல் முழுக்க மடங்காது.
அதற்காகக் கம்பிகளை அரைச்சுருதி இறக்கிவிட்டார்.
பழைய பாட்டெல்லாம் இப்போது
ஒரு படி கீழே உட்கார்ந்து
மூச்சு வாங்குகின்றன.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
ஆம்ப்ளிஃபயரின் முதுகுப்பக்கம் கைநீட்டி
வால்வுகளின் சூட்டில்
குளிர் காய்ந்தார்.

நான்காம் பாட்டு முடிந்து
கைதட்டல் ஓய்ந்த இடத்தில்
ஒரு பெண் பேசினாள்.
மேடையில் இல்லை, கூட்டத்தில் இல்லை,
அவர் பெட்டிக்குள்.

"இந்த வாரம் பசுந்தேயிலை
கிலோ ஒன்றுக்குச் சராசரி விலை
பதினெட்டு நாற்பது."

வானொலி.
எங்கோ ஒரு ஈயப்பற்று விட்டிருக்க வேண்டும்.
காற்றில் போய்க்கொண்டிருந்த குரல்
கம்பியில் ஏறிக்கொண்டது.

பன்னிரண்டில் தெளிவாகக் கேட்கிறது:
"அடப் பாவிங்களா!"
மூன்றாம் வரிசை, கம்பளிக் குல்லா.
பெயர் ஹாலன் என்று பிறகு சொன்னார்கள்,
அரவேணுப் பக்கம் இரண்டு ஏக்கர்.
அவருக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர்
ஊளையிட்டார்கள் விலையைப் பார்த்து.
லோபோ தன்னைத்தான் என்று நினைத்துவிட்டார்.
ஆறாம் தடத்தில் அந்த மூச்சு இருக்கிறது.
ஐம்பது வருஷமாய் எதிர்பார்த்திருந்தது
கடைசியில் வந்தேவிட்டது என்பது போல.

பிறகு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.
சுண்டுவிரலால் வால்யூமைக் குறைத்திருந்தால்
அவள் போயிருப்பாள்.
கூட்டினார்.

அவள் மழை வருமா என்று வாசிக்க
அடியில் ஒரே கம்பியில் நடந்தார்.
அவள் நிறுத்தியதும்
அந்த விலையைத் திரும்ப வாசித்தார்:
ப தி னெட் டு நாற் ப து.
எண்ணிப் பாருங்கள், ஏழு.
டிரம்மில் இருந்த ரெனால்ட் பையன்
இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டான்.
மூன்றாம் சுற்றில் பலகைத் தரை பிடித்துக்கொண்டது,
அத்தனை ரப்பர் செருப்பும் ஷூவும்.
பதினொரு நிமிஷம்.
கடைசி "து"வில்
மடங்காத விரலால் கம்பியைத் தள்ளித் தள்ளி
அரையும் குறையுமாய் ஏற்றினார்,
அங்கேயே விட்டார்.

கம்பெனி சென்னையிலிருந்து கூப்பிடுகிறது:
அந்தப் பொம்பளைக் குரலை எடுத்துடுங்க சார்,
உரிமைப் பிரச்சினை வரும்.
முயன்று பார்த்தேன்.
அவளை எடுத்தால் கிட்டார் கிழிகிறது.
கிட்டாரைத் தைத்தால் அவள் எட்டிப் பார்க்கிறாள்.
ஏழாம் தடத்தில் இருவருக்கும்
ஒரே உடம்பு.

லோபோவுக்குப் போன் போட்டேன்.
இருமி முடித்துவிட்டு
"அந்த ஆளுக்கு வெல ஏறிச்சா?" என்றார்.
பாட்டுக்குப் பெயர் கேட்டதற்கு
பதில் இல்லை. வைத்துவிட்டார்.

கோப்பை இன்னும் அனுப்பவில்லை.

இன்று காலை டீ வாங்க இறங்கினேன்.
கடைப் பலகையில் ரேடியோ,
அதே பெண்.
இந்த வாரம்
பதினாறு தொண்ணூறு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கிளாஸின் விளிம்பில்
என் விரல் தானாகத் தட்டிப் பார்த்தது.

அதுவும் ஏழுதான்.